தமிழ்க் கடற்கரை வணிக அறிவிப்புகளில் வாடிக்கையாளர் மீதான பரிவு: சுதேசிக் கப்பல் கம்பெனியும் புதுவைக் கிராமத் தகவல் மையங்களும்

ஆய்வுச் சுருக்கம்

வணிகர் தம் வாடிக்கையாளருக்கு விடுக்கும் செய்திகளில் அவர்தம் நலனில் அக்கறை உடையவராகத் தம்மைக் காட்டிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். அவ்வக்கறை எப்போது மெய்யானது, எப்போது விற்பனை உத்தி மட்டுமே என்று பிரித்தறிவதற்கான அளவுகோல்களை வரலாற்றுச் சான்றுகளிலிருந்து வகுக்க இக்கட்டுரை முயல்கிறது. 1906 முதல் 1911 வரை தூத்துக்குடியில் இயங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்கும் இடையே நிகழ்ந்த போட்டி முதன்மைச் சான்றாக அமைகிறது. புதுவையின் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளை ஒட்டிய கிராமங்களில் 1998 முதல் செயல்பட்ட தகவல் மையங்கள் ஒப்பீட்டுச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. அறிவிப்பின் சொற்களைக் காட்டிலும், அறிவிப்பவர் பெறுநருக்கு அளிக்கும் உரிமையும், அறிவிப்புக்கு முன் அவர் பெறுநரிடம் கேட்டறிந்ததும் பரிவின் உண்மையைத் தீர்மானிக்கின்றன என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: வணிக அறிவிப்பு, வாடிக்கையாளர், சுதேசிக் கப்பல் கம்பெனி, வ.உ. சிதம்பரம் பிள்ளை, கோரல் மில், வில்லியனூர், தகவல் மையம், நல்லவாடு.

முன்னுரை

தமிழில் விளம்பர வரலாறு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அச்சு ஊடகத்தின் வளர்ச்சியோடு இணைந்தே நிகழ்ந்துள்ளன. எந்தப் பொருள் எந்த இதழில் எவ்வாறு விளம்பரம் செய்யப்பட்டது என்பதே அவற்றின் மையமாக இருந்துள்ளது. அவ்விளம்பரங்கள் வாடிக்கையாளரை எத்தகைய மனிதராகக் கருதின என்னும் வினா அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. விலையைக் குறைத்தால் ஓடிவருபவர், உரிமையில் பங்கேற்கத் தக்கவர், தம் தேவையைத் தாமே எடுத்துச் சொல்ல வல்லவர் என்னும் மூவகைக் கருத்துகளும் தமிழ்க் கடற்கரை வணிகத்தில் வெவ்வேறு காலங்களில் வெளிப்பட்டுள்ளன.

இவ்வினாவுக்குக் கடற்கரை பொருத்தமான களமாகும். பண்டமும் பயணியும் கடலைக் கடக்கும் வணிகத்தில் வாங்குபவர் பொருளை முன்னரே சோதித்துப் பார்ப்பது அரிது. கப்பல் குறித்த நாளில் புறப்படுமா, கடல் அமைதியாக இருக்குமா, கரையில் என்ன விலை கிடைக்கும் என்பவற்றையெல்லாம் பிறர் சொல்லக் கேட்டு நம்ப வேண்டியிருக்கிறது. ஆகவே அறிவிப்பின் நேர்மை இங்கு வாழ்வாதாரத்தையும் சில வேளைகளில் உயிரையும் தொடும் செய்தியாகிறது.

இலக்கியம் காட்டும் வணிக அறம்

வணிகர் வாடிக்கையாளரை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்குத் தமிழ் இலக்கியம் தெளிவான நெறியைத் தருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும்போது, வாங்குமிடத்து அளவு மீறாமையையும் விற்குமிடத்து அளவு குன்றாமையையும் அவர்தம் சிறப்பாகக் கூறுகிறது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம், பிறர் பொருளையும் தம் பொருளாக எண்ணிப் பேணுவதே வணிகருக்குரிய வாணிகம் என்ற கருத்தோடு நிறைவுறுகிறது.

இவ்விரு நூல்களிலும் கருதத்தக்க ஒற்றுமை ஒன்று உண்டு. இரண்டும் வணிகரின் இன்சொல்லைப் புகழவில்லை; அளவையும் நடத்தையையுமே புகழ்கின்றன. அங்காடியில் பொருளின் இருப்பை அறிவிக்கும் கொடிகள் பற்றிப் பட்டினப்பாலை விரிவாகப் பேசினாலும், வணிகரின் அறத்தைக் கொடியில் காணவில்லை. கொடுக்கல் வாங்கலில்தான் காண்கிறது. அறிவிப்பு வேறு, அறம் வேறு என்னும் இப்பகுப்பு பிற்கால வணிகத்தை ஆராய்வதற்கும் பயன்படுகிறது.

தூத்துக்குடி–கொழும்பு வழித்தடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடற்போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் ஆதிக்கத்தில் இருந்தது. இலங்கையின் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர், கொழும்பில் கடை வைத்திருந்த வணிகர், அவர்தம் சரக்குகள் ஆகியவையே இவ்வழித்தடத்தின் உயிர். மாற்றுக் கப்பல் இல்லாத நிலையில் கட்டணமும் நேரமும் வசதியும் கம்பெனியின் விருப்பப்படியே அமைந்தன. வாடிக்கையாளரை ஈர்க்க வேண்டிய தேவையே அக்கம்பெனிக்கு எழவில்லை. போட்டியற்ற நிலையில் பரிவு பேசும் அறிவிப்புக்கு இடமில்லை என்பது இவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே புலனாகிறது.

இச்சூழலில் ஒட்டப்பிடாரத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் வ.உ. சிதம்பரம் பிள்ளை (1872–1936) முன்னின்று உருவாக்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவு செய்யப்பட்டது. பாலவநத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். வ.உ.சி. உதவிச் செயலாளராகப் பொறுப்பேற்றார். வங்கப் பிரிவினைக்கு எதிராக 1905இல் எழுந்த சுதேசி இயக்கத்தின் தாக்கம் இம்முயற்சிக்கு உந்துதலாக இருந்தது.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக் கப்பலைக் கொண்டே சேவை தொடங்கிற்று. பிரிட்டிஷ் கம்பெனியின் நெருக்குதலால் அவ்வாடகை ஏற்பாடு முறிந்தது. பயணச்சீட்டும் சரக்குப் பதிவும் பெற்றிருந்தவர்களைக் கைவிடலாகாது என்ற நிலையில் இலங்கையிலிருந்து வேறொரு கப்பல் வாடகைக்கு அமர்த்தப்பட்டது. பின்னர் வ.உ.சி. பம்பாய் சென்று முயன்றதன் பயனாக 1907இல் ‘காலியா’ என்னும் கப்பலும், பிரான்சு நாட்டிலிருந்து ‘லாவோ’ என்னும் கப்பலும் கம்பெனிக்கு உரிமையாயின. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேரும் இரண்டாம் வகுப்பில் 24 பேரும் சாதாரண வகுப்பில் 1,300 பேரும் பயணம் செய்யவும், 4,000 மூட்டைச் சரக்கு ஏற்றவும் இடமிருந்தது. இவ்வெண்கள் கம்பெனியின் வாடிக்கையாளர் யார் என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன. அக்கப்பல் ஏற்றிச் சென்றோரில் மிகப் பெரும்பாலோர் மேல்தளத்தில் அமர்ந்து கடலைக் கடந்த ஏழை எளியவரே.

பங்கு என்னும் அழைப்பு

கம்பெனியின் மூலதனம் 10 இலட்ச ரூபாய் என வரையறுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் 25 ரூபாய் மதிப்புடைய 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பங்குகளை ஆசியர் எவரும் வாங்கலாம் என்னும் விதி, இந்தியரையும் இலங்கையரையும் பிற ஆசிய நாட்டவரையும் ஒரே வட்டத்துள் கொணர்ந்தது. ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 இலட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கியது கம்பெனிக்குப் பெரும் வலுவாயிற்று. கப்பல் சேவை நடத்துவதோடு, கப்பலோட்டும் தொழிலையும் கப்பல் கட்டும் தொழிலையும் இந்தியருக்கும் பிற ஆசியருக்கும் பயிற்றுவிப்பதும் கம்பெனியின் நோக்கங்களாக அறிவிக்கப்பட்டன.

அறிவிப்பு வரலாற்றின் நோக்கில் இவ்விதிகளை ஆராய்ந்தால் புதிய செய்தியொன்று விளங்கும். சுதேசிக் கம்பெனி தன் வாடிக்கையாளரை முதலில் பயணச்சீட்டு வாங்க அழைக்கவில்லை; பங்குதாரராக அழைத்தது. கப்பலில் சரக்கேற்றும் வணிகரே கப்பலின் உரிமையாளருள் ஒருவர் ஆகலாம் என்பது அவ்வழைப்பின் உட்பொருள். கட்டணத்தை முடிவு செய்யும் இடத்தில் அவருக்கும் குரல் உண்டு. தூத்துக்குடி வணிகர் அதுவரை பெற்றிராத நிலை இது.

இவ்வழைப்பைப் பரப்பியதில் பாரதியார் ஆசிரியப் பொறுப்பேற்றிருந்த ‘இந்தியா’ வார இதழுக்குப் பெரும் பங்குண்டு. சென்னையில் 1906இல் தொடங்கிய அவ்விதழ் கம்பெனியின் வளர்ச்சியைத் தொடர்ந்து எழுதிவந்தது. பங்கு சேர்ப்பதற்கு ஆதரவு திரட்டியது. 1908இல் அரசின் அடக்குமுறைக்குப் பின் அவ்விதழ் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்கு இடம் பெயர்ந்து 1910 வரை அங்கிருந்து வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதன் வரவு தடுக்கப்பட்டபோது வாசகரோடு கொண்ட தொடர்பு அறுந்து இதழ் நின்றுபோயிற்று. இவ்வாறு தூத்துக்குடிக் கடலும் புதுவைக் கடற்கரையும் ஒரே சுதேசி வரலாற்றின் இரு முனைகளாயின.

எனினும் பங்கு என்னும் அழைப்புக்கு எல்லையும் உண்டு. நாட்கூலிக்கு உழைக்கும் ஒருவருக்கு 25 ரூபாய் எளிய தொகையன்று. சாதாரண வகுப்பில் சென்ற 1,300 பேருள் பெரும்பாலோர்க்கு உரிமையாளராகும் வாய்ப்பு ஏட்டளவில் மட்டுமே இருந்திருக்கும். வணிகருக்கு மெய்யான உரிமையாக விளங்கிய ஒன்று, தொழிலாளருக்கு உணர்வு வழிப்பட்ட உறவாகவே நின்றது.

கட்டணக் குறைப்பும் குடையும்

சுதேசிக் கப்பலுக்கு ஆதரவு பெருகியதும் பிரிட்டிஷ் கம்பெனி தன் அணுகுமுறையை மாற்றிக்கொண்டது. பயணக் கட்டணம் தலைக்கு 1 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. சுதேசிக் கம்பெனி அதற்கு விடையாக 8 அணாவுக்குப் பயணம் என்று அறிவித்தது. அதன்மேல் பிரிட்டிஷ் கம்பெனி கட்டணமே இல்லாமல் ஏற்றிச் செல்வதாகவும், பயணிக்கு ஒரு குடையை அன்பளிப்பாக வழங்குவதாகவும் அறிவித்தது. வ.உ.சி. வரலாற்று நூல்கள் அனைத்திலும் இடம்பெறும் இச்செய்தி, பின்னாளில் பொதுமக்கள் நினைவிலும் நிலைத்துவிட்டது.

குடை என்னும் தேர்வு தற்செயலானதாகத் தோன்றவில்லை. மேல்தளப் பயணிக்கு வெயிலும் மழையுமே முதன்மைத் துன்பம். அவர்தம் துன்பத்தை உணர்ந்தவர் அளிக்கும் பொருளாகக் குடை காட்சியளிக்கிறது. அந்த வகையில் அது நுட்பமான வணிகச் செய்தி. பயணியின் உடல்நலத்தில் கம்பெனிக்கு அக்கறை உண்டு எனச் சொல்லாமற் சொல்லும் அன்பளிப்பு.

ஆனால் காலக் கணக்கைக் கொண்டு நோக்கினால் அதன் இயல்பு வெளிப்படும். பல்லாண்டுகள் தனியுரிமையோடு கப்பலோட்டியபோது அதே பயணி அதே வெயிலில்தான் அமர்ந்திருந்தார். அப்போது அவருக்குக் குடை வழங்கப்படவில்லை. போட்டியாளர் தோன்றிய பின்னரே அவர்தம் தலைக்கு மேல் வெயில் இருப்பது கம்பெனியின் கண்ணுக்குத் தெரிந்தது. போட்டியாளர் அழிந்துவிட்டால் குடையும் மறையும், கட்டணமும் பழைய நிலைக்கு ஏறும் என்பதை அன்றைய மக்கள் ஊகித்தறிந்தனர். இலவசப் பயணத்தை மறுத்துக் கட்டணம் செலுத்திச் சுதேசிக் கப்பலில் சென்றவர் பலர் என்பதை வ.உ.சி. வரலாறுகள் பதிவு செய்கின்றன. எழுத்தறிவு பரவலாக இல்லாத காலத்தில், ஓர் அன்பளிப்பின் உள்நோக்கத்தைப் பகுத்தறிந்த வாடிக்கையாளர் திறன் இங்கு வெளிப்படுகிறது.

ஆலைத் தொழிலாளரும் கப்பல் பயணியும்

குடையின் பொருளை மேலும் விளக்குவது 1908ஆம் ஆண்டின் கோரல் மில் வேலைநிறுத்தம். தூத்துக்குடியில் பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியின் முகவராக விளங்கிய ஏ அண்ட் எஃப் ஹார்வி நிறுவனமே கோரல் நூற்பாலையையும் நிருவகித்தது. ஆலையில் நீண்ட வேலைநேரமும் குறைந்த கூலியும் நிலவின. வார விடுமுறையும் இல்லை. 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். நகரத்து மக்களும் ஆதரவளித்தனர். மார்ச் முதல் வாரத்தில் நிருவாகம் இறங்கிவந்து கூலி உயர்வுக்கும் வேலைநேரக் குறைப்புக்கும் ஞாயிறு விடுமுறைக்கும் இசைந்தது.

ஒரே நகரத்தில், ஒரே வணிக நிறுவனத்தின் பொறுப்பில், கடற்கரையில் பயணிக்குக் குடை வழங்கப்பட்டது. ஆலையில் தொழிலாளிக்கு ஓய்வு மறுக்கப்பட்டது. இருவரும் வேறுவேறு மனிதரல்லர். ஒரே சமூகத்தினர், பல வேளைகளில் ஒரே குடும்பத்தினர் எனக் கருத இடமுண்டு. வாடிக்கையாளராக வரும்போது பரிவு, தொழிலாளராக வரும்போது கண்டிப்பு என்னும் இரட்டை நடத்தை, அறிவிப்பில் தோன்றும் அக்கறையின் ஆழத்தை அளக்க நல்ல கருவியாகிறது. சுதேசிக் கம்பெனியை முன்னின்று நடத்தியவரோ, கப்பலுக்கு வாடிக்கையாளர் அல்லாத ஆலைத் தொழிலாளருக்காகவும் குரல் கொடுத்தார். அதனால் கம்பெனிக்கு வணிக ஆதாயம் எதுவும் இல்லை. மாறாக அரசின் சினமே வளர்ந்தது.

1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் பெருங்கலகம் மூண்டது. அதே ஆண்டு ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு ஆயுள் தண்டனைகள் விதித்தார். மேல்முறையீட்டில் அவை குறைக்கப்பட்டன. வ.உ.சி. 1912 டிசம்பரில் விடுதலையானபோது கம்பெனி இல்லை. 1911இலேயே அது கலைக்கப்பட்டிருந்தது.

வாடிக்கையாளரிடம் கேட்கப்பட்ட தியாகம்

சுதேசிக் கம்பெனியின் வரலாற்றைப் புகழ்ச்சியாக மட்டும் எழுதுவது ஆய்வுக்கு நிறைவளிக்காது. அதன் அறிவிப்புகளில் உள்ளார்ந்த முரண் ஒன்று உண்டு. வழக்கமான வணிகத்தில் நிறுவனம் வாடிக்கையாளரைப் பேணுவதாகச் சொல்லும். இங்கோ வாடிக்கையாளர் நிறுவனத்தைப் பேண வேண்டும் என்று கேட்கப்பட்டது. இலவசமாகக் கிடைத்ததைத் துறந்து காசு கொடுத்துப் பயணம் செய்வது, பெரும் பங்கு வாங்கிய செல்வருக்கு எளிது. தோட்டக் கூலியாகச் செல்லும் ஒருவருக்கு 8 அணாவும் ஒரு குடையும் மெய்யான பொருள்கள். அவற்றை ஏற்றுக்கொண்டு பிரிட்டிஷ் கப்பலில் ஏறியவரை நாட்டுப்பற்று அற்றவர் என்று தீர்ப்பிடுவது அவர்தம் வறுமையை மறப்பதாகும்.

வாடிக்கையாளரின் தியாகத்தை நெடுநாள் சார்ந்திருக்கும் வணிகம் நிலைப்பதும் அரிது. கப்பலை இயக்க நிலக்கரி வேண்டும். மாலுமிகளுக்கு ஊதியம் வேண்டும். பழுது பார்க்கப் பணம் வேண்டும். எதிராளியோ இழப்பைப் பல வழித்தடங்களின் வருவாயால் ஈடுகட்டும் வலிமை பெற்றவர். மக்களின் அன்பு பெற்ற நிறுவனம் வீழ்ந்ததும், அன்பு பெறாத நிறுவனம் நின்றதும் பரிவின் தோல்வி எனக் கொள்ளத்தக்கதன்று. பரிவைத் தாங்கும் நிதியமைப்பும், ஒருவர் சிறைப்பட்டாலும் தொடரக்கூடிய நிருவாகமும் இல்லாவிட்டால் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதே இதன் பாடம்.

மக்கள் காட்டிய அன்பு கம்பெனியோடு முடிந்துவிடவில்லை என்பதற்கும் சான்று உண்டு. தென்னாப்பிரிக்கத் தமிழர் வ.உ.சி.க்காகத் திரட்டிய தொகை காந்தியடிகளிடம் இருந்தது. அது குறித்து 1915–1916இல் இருவரிடையே கடிதங்கள் நிகழ்ந்தன. இறுதியில் 347 ரூபாய் 12 அணா வ.உ.சி.யை அடைந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் நூல் இதனை விரிவாக ஆவணப்படுத்தியுள்ளது. அக்கப்பலில் ஒருநாளும் பயணம் செய்திராத தொலைதூர மக்கள் அளித்த தொகை அது.

இலவசத்தின் மற்றொரு வடிவம்

இலவசமாகப் பொருள் வழங்குவது எல்லாவிடத்தும் குடையைப் போன்றதுதானா என்னும் ஐயம் இங்கு எழலாம். காசிநாதுனி நாகேசுவரராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் இதற்கு மாற்றுச் சான்றாகிறது. தலைவலித் தைலமான அதனை அவர் தொடக்க நாள்களில் இசையரங்குகளில் கூடியோருக்கு இலவசமாக வழங்கிப் பரப்பினார் என்பர். 1914இல் நிறுவனம் சென்னைக்கு மாறித் தென்னக இல்லங்கள்தோறும் அறியப்படும் பெயராயிற்று.

இங்கும் அன்பளிப்பு உண்டு. விற்பனை நோக்கமும் உண்டு. ஆயினும் அன்பளிப்பாகக் கிடைப்பது விற்கப்படும் அதே பொருள். பெறுபவர் அதனைச் சோதித்துப் பார்த்து, பயன் உண்டெனில் வாங்கலாம், இல்லையெனில் விட்டுவிடலாம். முடிவு செய்யும் அறிவு வாடிக்கையாளரிடமே வளர்கிறது. குடையோ கப்பல் சேவையின் தரத்தைப் பற்றி எதுவும் கூறவில்லை. வேறொரு கப்பலைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை நீக்குவதே அதன் பணி. வாடிக்கையாளரின் தெரிவை விரிக்கும் இலவசம், தெரிவைச் சுருக்கும் இலவசம் என இரண்டாகப் பகுக்க இவ்வேறுபாடு இடமளிக்கிறது.

சட்டம் இவ்வெல்லையைப் பகுதியளவே காக்கிறது. மருந்துகள் குறித்த ஆட்சேபத்திற்குரிய விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954இலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இலும் இயற்றப்பட்டன. பின்னதற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் தவறான விளம்பரங்களுக்குத் தண்டனை வகுத்தது. பொய்யைத் தடுக்கச் சட்டத்தால் இயலும். அக்கறையை உண்டாக்க இயலாது.

புதுவைக் கிராமங்கள்: கேட்டபின் அறிவித்தல்

பெறுநரின் தேவையை முதலில் கேட்டறிந்து, அதன்பின் செய்தியை வடிவமைக்கும் முறைக்குப் புதுவையின் ஊரகப் பகுதி சிறந்த சான்றைத் தருகிறது. சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியோடு 1998இல் தகவல் கிராம ஆய்வுத் திட்டத்தை இங்கு தொடங்கியது. வில்லியனூர் மைய நிலையமாக விளங்கியது. எம்பலம், கீழூர், வீராம்பட்டினம், நல்லவாடு முதலிய ஊர்களில் கிளை மையங்கள் அமைந்தன. மையத்துக்கான இடத்தை ஊர்மக்கள் அளித்தனர். ஊரைச் சேர்ந்த தொண்டர்கள், குறிப்பாகப் பெண்கள், அவற்றை நடத்தினர்.

இத்திட்டம் வணிக விளம்பரம் அன்று. எனினும் விதை, உரம் ஆகியவற்றின் விலை, விளைபொருளின் சந்தை விலை, மருத்துவ வசதி, அரசு நலத்திட்டங்கள் என வாங்குவோரும் விற்போரும் அறியவேண்டிய செய்திகளே அதன் உள்ளடக்கம். வணிக அறிவிப்பு செய்ய வேண்டிய பணியை, விற்பனை நோக்கமின்றி ஆற்றிய அமைப்பாக இதனைக் கருதலாம். எவ்வகைச் செய்தி தேவை என்பது முதலில் கிராமங்களில் நிகழ்த்திய கணக்கெடுப்பின் வழியே அறியப்பட்டது. உழவர் ஊரில் விலைச் செய்தியும் மீனவர் ஊரில் கடல்நிலைச் செய்தியும் முதன்மை பெற்றன. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களின் பட்டியல் பொதுவில் கிடைத்ததால், தமக்குரிய உதவி எது என்பதை மக்கள் தாமே சரிபார்க்க முடிந்தது. ‘நம்ம ஊரு செய்தி’ என்னும் இதழும் இத்திட்டத்தின் பகுதியாக வெளிவந்தது.

வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து பெற்ற அலை உயர முன்னறிவிப்பு, தமிழில் மாற்றப்பட்டு ஒலிபெருக்கி வழியே நாள்தோறும் அறிவிக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கரையில் வலை பின்னிக்கொண்டே அதனைக் கேட்க முடிந்தது. செய்தியின் உள்ளடக்கம் மட்டுமின்றி அது சென்று சேரும் வழியும் பெறுநரின் வாழ்க்கை முறையை ஒட்டி அமைந்தது இங்கு கவனத்திற்குரியது.

இவ்வமைப்பின் மதிப்பு 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டில் வெளிப்பட்டது. சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியைக் கேட்டுத் தொலைபேசியில் ஊருக்குத் தெரிவித்தார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கி உடனே எச்சரிக்கையைப் பரப்ப, 3,000-க்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு விலகினர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. மக்கள் உயிர் பிழைத்தனர். அன்றாடம் விலையும் அலையும் அறிவித்துவந்த அதே ஒலிபெருக்கி அது. நாள்தோறும் பயனுள்ள செய்தியே வந்த கருவி என்பதால், அன்று அதன் குரலை எவரும் ஐயுறவில்லை. நம்பகம் என்பது நெருக்கடியில் திடீரெனத் தோன்றுவதன்று, அன்றாட அறிவிப்புகளின் நேர்மையால் சேர்வது என்பதை இந்நிகழ்வு நிறுவுகிறது.

ஒப்பீட்டு நோக்கு

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று அளவுகோல்களை வகுக்கலாம். முதலாவது காலம். போட்டியோ இடரோ தோன்றுமுன்னும் நீங்கியபின்னும் நிலவும் அக்கறையே மெய்யானது. குடை இவ்வளவுகோலில் தேறவில்லை; நல்லவாட்டு ஒலிபெருக்கி தேறுகிறது. இரண்டாவது உரிமை. அறிவிப்பவர் பெறுநருக்கு முடிவெடுக்கும் ஆற்றலை அளிக்கிறாரா என்பதை இது சோதிக்கிறது. சுதேசிக் கம்பெனியின் பங்கு வணிகருக்கு அவ்வாற்றலை அளித்தது. ஏழைப் பயணிக்கு முழுமையாக அளிக்கவில்லை. மூன்றாவது பரப்பு. வாடிக்கையாளராக இருக்கும்போது மட்டும் மதிக்கப்படுகிறாரா, தொழிலாளராகவும் அயலாராகவும் இருக்கும்போதும் மதிக்கப்படுகிறாரா என்பது இது. கோரல் மில் வேலைநிறுத்தம் இவ்வேறுபாட்டை வெளிப்படுத்திற்று.

இம்மூன்றும் அறிவிப்பின் சொல்லழகைச் சார்ந்தவையல்ல. வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அழைப்பதும், பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவதும், நலம் விசாரிப்பதும் இன்றைய கைபேசி வணிகச் செய்திகளில் பெருகியுள்ளன. அவை தம்மளவில் தவறல்ல. ஆயினும் குறையைச் சொல்ல வந்த அதே வாடிக்கையாளருக்கு விடை கிடைக்காவிட்டால், வாழ்த்து 1907ஆம் ஆண்டுக் குடையின் இடத்தையே பெறும்.

முடிவுரை

நல்லவாட்டுக்குத் தெற்கே, பாகூர் கொம்யூனில் அமைந்த மணப்பட்டுக் கடற்கரை, சுற்றுலா வளர்ச்சித் திட்டங்களில் இடம்பெற்ற ஊர்களுள் ஒன்று. உழவும் மீன்பிடித்தலும் சார்ந்த இத்தகைய ஊர்கள் வெளியூர் வாடிக்கையாளரை நோக்கி அறிவிக்கப்படும் காலத்தில், வணிகச் செய்தி யாருடைய நலனைப் பேசுகிறது என்னும் வினா புதுப் பொருள் பெறுகிறது. விருந்தினருக்குக் கடலின் அழகைச் சொல்லும் அறிவிப்பு, அக்கடலின் இடரையும் சொல்கிறதா, கரையில் வாழ்வோரைக் கேட்டறிந்து எழுதப்பட்டதா என்று வினவுவதற்கு இவ்வட்டாரமே முன்மாதிரியை வைத்திருக்கிறது.

சுதேசிக் கப்பல் கம்பெனி ஐந்தாண்டுகளே நின்றது. அதன் வாடிக்கையாளர் பலர் இலவசக் குடையை மறுத்ததற்குக் காரணம், தம்மைப் பங்குக்கு உரியவராக எண்ணி அழைத்த குரலுக்கும், தம்மை வென்றெடுக்கும் பொருளாக எண்ணி அழைத்த குரலுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் உணர்ந்திருந்தமையே. அந்த மறுப்பின் விலையை ஏழைப் பயணியே மிகுதியாகச் செலுத்தினார் என்பதும் அதே வரலாற்றின் பகுதி. வாடிக்கையாளரிடம் தியாகத்தைக் கேளாமல் அவருக்குரிய உரிமையைத் தரும் வணிக அறிவிப்பு, தூத்துக்குடியில் தொடங்கி நிறைவுறாமல் நின்றது. வில்லியனூர் வட்டாரத்தின் தகவல் மையங்கள் அதன் ஒரு பகுதியை, விற்பனைக்கு அப்பாற்பட்ட களத்தில், செய்து காட்டின. வணிகக் களத்திலேயே அது நிறைவேறிய சான்றுகளைக் கூட்டுறவுச் சங்கங்கள், மகளிர் குழுக்கள் ஆகியவற்றின் ஆவணங்களில் தேடுவது அடுத்தகட்ட ஆய்வுக்குரிய பணியாகும்.